லண்டன் பூங்கா ஒன்றில் இந்தியர் ஒருவர் குடிநீர் நீரூற்று கட்டிக்கொடுத்தாராமே, உண்மையா? போய்ப் பார்க்கும்படி இருக்கிறதா?

உண்மைதான். ரீஜண்ட்ஸ் பார்க்கில், பிராட் வாக் என்கிற அகலமான நடைபாதையில் நிற்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், எங்கே கூட்டிப்போவது என்று யோசித்துத்தான் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போனேன்.

கட்டக் காசு கொடுத்தவர் பம்பாய் பார்சி (பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய சமூகம்), கவாஸ்ஜி ஜஹாங்கீர். கையில் ரொக்கத்தோடு இருக்கும் குடும்பம் என்பதால் 'ரெடிமணி' என்ற பட்டப்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. 15 வயதில் ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றில் கிடங்கு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர். பின்னாளில் பம்பாய்ப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபத்துக்கும் அள்ளிக் கொடுத்தார். இந்த நீரூற்று 1869இல் திறக்கப்பட்டது. 10 டன் சிசிலிப் பளிங்கு, 4 டன் அபர்டீன் செந்நிறக் கிரானைட், செலவு 1,400 பவுண்டு.

குடிக்கிற தண்ணீருக்கு ஏன் இத்தனை அலங்காரம் என்று கேட்பவர்கள் அந்தக் காலத்து லண்டனை நினைத்துப் பார்க்க வேண்டும். 1854இல் சோஹோவில் ஒரு தெருப் பம்பின் தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் காட்டினார். 1859இல் சாமுவேல் கர்னி என்ற எம்.பி. இலவசக் குடிநீர் நீரூற்றுகளுக்காகச் சங்கம் ஆரம்பித்தார். முதல் நீரூற்றில் இரும்புக் குவளையைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். பிறகு அந்தச் சங்கம் மாட்டுத் தொட்டிகளும் கட்டியது. பெயரிலேயே மாட்டுத் தொட்டியைச் சேர்த்துக்கொண்டது. ரீஜண்ட்ஸ் பார்க் நீரூற்றை நிறுவியதும் அதே சங்கம்தான்.

மாட்டுக்கும் தொட்டி கட்டிய கதையை அப்பாவிடம் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. அருப்புக்கோட்டைப் பக்கம் விவசாயி. அதுவரை, "கால் வலிக்குதுடா, கோயில் மாதிரி இருக்கு, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், எழுந்து சுற்றிவர ஆரம்பித்தார். ஒரு பக்கம் சிங்கம் செதுக்கியிருக்கிறது. இன்னொரு பக்கம் காளை. அதன் முன்னால் நின்றுவிட்டார். "தம்பி, திமிலைப் பாரு. இது வெள்ளைக்காரன் மாடு இல்ல, நம்ம மாடு." இங்கிலாந்து மாட்டுக்குத் திமில் கிடையாது என்பது பத்து வருஷம் இங்கே இருந்த எனக்குத் தோன்றவே இல்லை. கவாஸ்ஜியின் முகமும் அந்தக் கல்லில் இருக்கிறது, பார்சித் தலைப்பாகையோடு. அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது சிலர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். இந்தியாவில் தனக்கும் பார்சிகளுக்கும் கிடைத்த பாதுகாப்புக்காக இங்கிலாந்து மக்களுக்கு நன்றி என்றுதான் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1866இல், ஒரிசாப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது. நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த நன்றி ராஜாவுக்கு மாளிகையாகப் போகாமல், வழியில் போகிறவன் குடிக்கிற தண்ணீராகப் போயிருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். அடிமைப் புத்தி என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்கு இது உறைப்பதற்கு வேறு காரணமும் உண்டு. அம்மா இறந்த வருஷம், அவள் நினைவாக நான் படித்த பள்ளிக்கூடத்தில் குடிதண்ணீர்த் தொட்டி கட்டப் பணம் அனுப்பினேன். வாங்கிச் செய்தவர்கள் திறப்பு விழா நடத்தினார்கள், பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள், போட்டோவும் அனுப்பினார்கள். மறு வருஷம் போய்ப் பார்த்தால் நான்கு குழாயில் மூன்றுக்குத் திருகே இல்லை. ஓட்டையில் துணியைச் சுற்றி அடைத்திருந்தார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். விழாவுக்கு வந்தவர்களின் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருக்கிறது. அம்மா பெயர் கடைசி வரியில், அதுவும் எழுத்துப்பிழையோடு. கேட்டால், "பராமரிப்புக்கு நீங்க தனியா ஒண்ணும் தரலையேண்ணே" என்றார்கள். ரெடிமணி நீரூற்றை 2016-17இலும் பழுதுபார்த்திருக்கிறார்கள், கட்டி ஏறக்குறைய 150 வருஷம் கழித்து.

நீங்கள் போவதென்றால் ரீஜண்ட்ஸ் பார்க் ஸ்டேஷனில் இறங்கி பிராட் வாக்கிலேயே வடக்கே நடங்கள். பெரியவர்களுக்குக் கொஞ்சம் தூரம்தான், நடுவில் பெஞ்சுகள் உண்டு. காளை எந்தப் பக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை, சுற்றிவந்து அவர்களே கண்டுபிடிக்கட்டும்.