மூச்சை இழுக்கும்போது காற்று எப்படி நுரையீரலுக்குள் செல்கிறது?

நுரையீரலின் உள்ளழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் இடையே தோன்றும் சிறு வேறுபாட்டால் காற்று உட்சென்று வெளியேறுவதே மூச்சுவிடுதல் ஆகும். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் என்னும் தசை சுருங்கிக் கீழிறங்க, விலா எலும்புகள் மேலெழ, மார்புக்கூட்டின் கொள்ளளவு கூடுகிறது. அதனுடன் நுரையீரலும் விரிவதால் உள்ளழுத்தம் குறைந்து, கொல்லர் துருத்தியை விரிக்கும்போது போலவே, வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. வியப்பு என்னவென்றால், கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக (பாதரசத் தம்பத்தின் உயரத்தால் அழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும் வெளியழுத்தத்தைவிட உள்ளே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறைந்தாலே அரை லிட்டர் காற்று வந்துவிடும். நுரையீரலைச் சூழ்ந்த இரட்டைச் சவ்வின் இடைவெளியில் அழுத்தம் இன்னும் குறைவு. அங்கே காற்று புகுந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். அமைதியான வெளிமூச்சுக்கு நுரையீரலின் மீள்தன்மையே போதும்.

காற்று புகுந்து மார்பை விரிக்கிறது என்று பலர் எண்ணுவது சரியன்று. இயல்பான மூச்சில் விரிவே முதலில் நிகழ்கிறது, வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும் நோயாளியிடம்தான் இது தலைகீழாகிறது.