பழைய செல்போனைக் குடத்துக்குப் போடலாமா?

கேள்வி: ஏற்காடு ஒண்டிக்கடை பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் ஆறு பழைய செல்போன்கள் கிடக்கின்றன. ஒன்று ஆன் ஆகவில்லை. இன்னொன்றில் பேட்டரி உப்பி, பின்மூடியே தூக்கிக்கொண்டது. மைக் கட்டிய வண்டியில் வருகிறவர் ஆறுக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் குடம் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். குடம் கொடுத்து வாங்கிய போன் பல கை மாறும். டிஸ்ப்ளே, கேமரா எல்லாம் தனித்தனியாக விலை போகும். ஒன்றுக்கும் உதவாத போர்டை அமிலத்தில் ஊறப்போட்டு, துளித் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றுவார்கள். சேலத்துச் சாக்கடை நீர் கலப்பது, உங்கள் சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாற்றில்தான்.

“அரசு அனுமதி இருக்கிறது” என்று லேமினேட் செய்த அட்டையை நீட்டுகிறவர்களிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. பெரும்பாலும் அதில் இருப்பது ஜிஎஸ்டி எண். அது வரி கட்டுவதற்கு. மின்கழிவை வாங்குவதற்கான அனுமதி அல்ல. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மின்கழிவு இணையதளத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. வீடு தேடி வருகிறவர் பெயர் அதில் இல்லையென்றால், அவருக்கு ஒரு சார்ஜரைக்கூடக் கொடுக்காதீர்கள்.

ஓடுகிற நான்கு போன்களிலும் சிம், மெமரி கார்டைக் கழற்றுங்கள். *#06# அழுத்தி, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். முதலில் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு ரீசெட் செய்யுங்கள். பட்டன்களை அழுத்திப் பிடித்து நேராக ரீசெட் செய்தால், போன் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். நல்ல போனும் கழிவாகிவிடும்.

ஆன் ஆகாத போன்தான் சிக்கல். போன் செத்தாலும் உள்ளே இருக்கும் மெமரி சிப் சாகாது. படங்கள் அப்படியே இருக்கும். பல போன்களில் போயிருப்பது பேட்டரியோ சார்ஜிங் பின்னோதான். சர்வீஸ் கடையில் பவர் சப்ளை கொடுத்து உயிர் கொடுக்கச் சொல்லி, உங்கள் கண்ணெதிரே அழித்து வாங்குங்கள். போர்டே போயிருந்தால், வேறு போனில் உங்கள் கூகுள் கணக்கைத் திறந்து, சாதனங்களின் பட்டியலில் அந்தப் பழைய போனை வெளியேற்றுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள். சுத்தியலால் உடைக்க வேண்டாம். பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும்.

உப்பிய பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. மூடியை நெம்பவும் வேண்டாம். காய்ந்த மணல் போட்ட தகரப் பெட்டியில் போனோடு வையுங்கள். கூரியரில் அனுப்பக் கூடாது; கூட்டமான மலைப் பஸ்ஸிலும் வேண்டாம்.

கீழே இறங்கும் முன், போன் நிறுவனத்தின் உதவி எண்ணில் கூப்பிட்டு, சேலத்தில் எந்த சர்வீஸ் சென்டர் வாங்கிக்கொள்ளும், உப்பிய பேட்டரியையும் எடுக்குமா என்று கேளுங்கள். வந்து எடுத்துப் போக வேண்டியவர்கள் அவர்கள்தானே என்று தோன்றும், நியாயம்தான். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில்தான் வைக்கின்றன. ஆனால் மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழை மறுசுழற்சி நிறுவனத்திடம் விலைக்கு வாங்கியே தங்களுக்கு விதித்த இலக்கை முடித்துவிடலாம் என்று வழியும் விட்டுவைத்திருக்கிறார்கள். பிறகு யார் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து உங்கள் ஆறு போனுக்காக வருவார்கள்? மலைக்கு மேல் ஒரு நிரந்தரச் சேகரிப்புப் பெட்டியாவது வைக்கலாம்.

கொடுக்கும்போது ரசீது கேளுங்கள். “பழைய போன் 6” என்று மொத்தமாக எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு போனின் மாடல், ஐஎம்இஐ, தேதி, முத்திரை இருக்க வேண்டும். ஆன் ஆகாத போனின் எண் சில மாடல்களில் சிம் ட்ரேயில் இருக்கும்; இல்லாவிட்டால் பழைய பில்லில் பாருங்கள்.