விழுந்த பல்லைத் திரும்பப் பொருத்த முடியுமா?

பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் வேரோடு வந்துவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நிலைத்த பல் என்றால் பொருத்த முடியும், ஆனால் அவசரம். வேரைத் தொடாமல் பல்லின் மேல்பகுதியைப் பிடியுங்கள். அழுக்கிருந்தால் பாலில் லேசாக அலசுங்கள், தேய்க்கவே கூடாது. வேரில் ஒட்டியிருக்கும் செல்கள்தான் பல்லை மறுபடி எலும்போடு சேர்ப்பவை. அவை காற்றில் காய்ந்தால் சுமார் 60 நிமிடத்தில் செத்துவிடும். முடிந்தால் அந்தக் குழியிலேயே பல்லைச் செருகி, துணியைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் ஆறிய பாலில் போட்டு பல் டாக்டரிடம் எடுத்துப் போங்கள் (டீக்கடையில் கேட்டாலும் கிடைக்கும்). தண்ணீரில் மட்டும் ஊற வைக்காதீர்கள். பால் பல் என்றால் செருக வேண்டாம், ஆனாலும் டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம், வாந்தி இருந்தால் பல் அப்புறம், முதலில் 108.