மகனின் சட்டை

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். யாரோ போட்ட சண்டையை விலக்கப்போன என் மகனைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். முந்தின நாள் அவன் கழற்றிப்போட்ட சட்டையை எரித்துவிடச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்ய?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: எரிக்க வேண்டாம் அம்மிணி. பீரோவிலேயே இருக்கட்டுங்க. அவன் பேரைச் சொல்லியே பேசுங்க, அழுங்க, எதுக்கு அடக்கோணும்? தூக்கமே வரலீன்னா 14416-க்குக் கூப்பிடுங்க. டெலிமானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், ராத்திரியிலும் தமிழில் பேசுவாங்க.

இன்னொண்ணுங்க. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாங்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 396-ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு அங்கேயே மனுக் கொடுக்கலாம். மகன் உயிருக்கு விலையான்னு கூசாதீங்க, அது உங்க உரிமை. விசாரணை எதுவரைக்கும் வந்திருக்குன்னு போலீஸ் 90 நாளுக்குள்ள உங்களுக்குச் சொல்லியாகோணும், அதே சட்டத்தில் 193-ஆம் பிரிவு. தனியாப் போகாதீங்க, கூட வேலை பார்க்கிற அக்கா யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க.