செம்மறிக் கிடா ஏறிய வெள்ளாடு குட்டி போடுமா?

கேள்வி: எங்களிடம் எட்டு வெள்ளாடு, பன்னிரண்டு மேச்சேரிச் செம்மறி ஆடு. எல்லாம் ஒரே பட்டி. வெள்ளாட்டுக் கிடாவைத் தீபாவளிக்கே விற்றுவிட்டோம். போன மாதம் செம்மறிக் கிடா ஒரு வெள்ளாட்டின் மேல் ஏறியதைப் பார்த்தேன். அதன்பிறகு அது பருவத்துக்கு வரவில்லை. கலப்புக் குட்டி நல்ல எடை வரும் என்கிறார் வியாபாரி. நம்பலாமா?
– வாசகி, ஓமலூர்

பதில்: நம்ப வேண்டாம் அம்மா. சினை பிடித்திருக்கலாம். ஆனால் இந்தக் கலப்புக் கரு பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் அழிந்துவிடும். செம்மறிக்கு 54 குரோமோசோம், வெள்ளாட்டுக்கு 60. இரண்டிலும் பாதி சேர்ந்தால் கருவுக்கு 57. தாயின் உடல் அந்தக் கருவை ஏற்றுக்கொள்வது கஷ்டம்.

உயிரோடு பிறந்ததே இல்லையா என்றால், உண்டு. ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவில் செம்மறிக் கிடாவுக்கும் வெள்ளாட்டுக்கும் பிறந்த ஒரு கிடாவைப் பற்றி 2000-இல் எழுதினார்கள். சோதித்ததில் சரியாக 57 குரோமோசோம். கால் வெள்ளாடு மாதிரி நீளம், உடம்பு செம்மறி மாதிரி கனம், மேலே முரட்டு முடி, உள்ளே கம்பளி. அதே காலத்தில் பிறந்த மற்ற குட்டிகளைவிட வேகமாக வளர்ந்தது. வியாபாரி சொல்வதில் உள்ள உண்மை அவ்வளவுதான். ஆனால் அது மலடு. கண்ட ஆட்டின் மேலெல்லாம் ஏறிக்கொண்டே இருந்ததால் கடைசியில் காயடித்தார்கள். உலகமே பேசும் அளவுக்கு அபூர்வமாகப் பிறப்பதை நம்பி நாம் ஆடு வளர்க்க முடியாது.

நான் வேலையில் இருந்தபோது ஒரு பெரியவர் 'கலப்புக் குட்டி' என்று ஒன்றைத் தோளில் போட்டுக் கொண்டுவந்தார். வெள்ளாட்டிடம்தான் பால் குடிக்கிறது என்று சத்தியம் செய்தார். வாலைப் பார்த்தேன், தொங்கியது. வெள்ளாட்டுக்குட்டி என்றால் நிமிர்ந்திருக்கும். கண்ணுக்குக் கீழே விரல் வைத்தேன், செம்மறிக்கே உரிய சிறு குழி தட்டுப்பட்டது. தாயை இழந்த மேச்சேரிக் குட்டி அது. குட்டி செத்த வெள்ளாடு ஒன்று பால் கொடுத்து வளர்த்திருக்கிறது. மேச்சேரிக்குக் கம்பளி கிடையாது, முடிதான். அதனால் நம் பக்கம் இந்தக் குழப்பம் சகஜம்.

சரி, உங்கள் ஆட்டுக்கு வருவோம். பட்டியில் நான்கைந்து மாத வெள்ளாட்டுக் கிடாக்குட்டி இருக்கிறதா? அந்த வயதிலேயே அது ஏறும். சினை அதனுடையது என்றால் குட்டி ஒழுங்காகப் பிறக்கும். கால்நடை மருத்துவமனையில் ஸ்கேன் வசதி இருந்தால் பார்த்துவிடுங்கள்.

ஒருவேளை ஆடு கருவை வீசிவிட்டால் 'கலப்புதானே' என்று விட்டுவிடாதீர்கள். கன்று வீச்சு நோயிலும் இப்படித்தான் வீசும், அது மனிதருக்கும் தொற்றும். வெறுங்கையால் தொடாமல், டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் மாதிரி எடுத்தபிறகு மீதியைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். அந்த ஆட்டைத் தனியாகக் கட்டுங்கள்.

செம்மறிக் கிடாவை இன்றே வேறு தடுப்புக்கு மாற்றுங்கள். வெள்ளாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஓயாமல் கத்தும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஸ்கேனில் சினை இல்லை என்று தெரிந்தால், அடுத்த பருவத்தில் நல்ல வெள்ளாட்டுக் கிடாவிடம் விடுங்கள்.