தோழியோடு மலைக்கு நடக்கப் போவதா, மொட்டைமாடியே போதுமா?

கேள்வி: வேலை மாற்றலில் திருநெல்வேலி வந்திருக்கிறோம். பெருமாள்புரம் பக்கம் வீடு. பக்கத்து வீட்டுத் தோழி விடியற்காலையில் ரெட்டியார்பட்டி மலைக்கு நடக்கக் கூப்பிடுகிறார். போகலாமா? மொட்டைமாடியிலேயே நடந்தால் போதாதா?

போங்க. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம்.

உங்கள் வீட்டில் யாரோ ‘ரெண்டு பொம்பளைங்க இருட்டுல மலைக்கு எதுக்கு’ என்று கேட்டிருப்பார்கள், அதனால்தான் மொட்டைமாடி என்று இழுக்கிறீர்கள். இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் கேட்டார்கள். கேட்டவருக்கு ஆறு மணிக்குக் காபி வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நான் மலைக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில், கல்யாணமாகி 24 வருஷம் கழித்து, காபித்தூள் டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவராகவே கண்டுபிடித்துவிட்டார். இதைப் படித்துவிட்டு ஆண்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அவர் போடும் காபி நன்றாகவே இருக்கிறது.

அடுத்து, அதெல்லாம் ஒரு மலையா என்று தென்காசிக்காரர்களும் பாபநாசத்துக்காரர்களும் வருவார்கள். தெரியும். பொதிகை 1,800 மீட்டருக்கு மேலே, எங்கள் மலை அதன் காலடிக்குக்கூட வராது. கன்னியாகுமரி போகிற நாலுவழிச் சாலை அதை நடுவில் பிளந்துகொண்டு போகிறது. அந்தச் சாலைக்கு நம்பர் 44 என்று மாற்றி எத்தனையோ வருஷம் ஆச்சு, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் ஏழாம் நம்பர் ரோடு என்றுதான் சொல்வார்கள். கீழே லாரி போகிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். உடை மரமும் சீமைக்கருவேலமும்தான் காடு. ஆனால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் மேலே நின்று மேற்கே பார்த்தால், மேற்குத்தொடர்ச்சி மலை முழுக்க நீலமாக வரிசையாக நிற்கும். மயில் கத்தும். நான் நெல்லையப்பர் கோபுரம் தெரிகிறதா என்று தேடுவேன், என் தோழி பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தைத் தேடுவாள், 1826-ல் கட்டின கோயில், அவள் ஞானஸ்நானம் வாங்கினது அங்கேதான். பாதி நாள் பனிமூட்டத்தில் ரெண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. ‘ஒன் சாமியும் தூங்குது, என் சாமியும் தூங்குது’ என்று சொல்லிவிட்டு இறங்குவோம்.

மொட்டைமாடியில் நானும் நடந்திருக்கிறேன். ஐந்தாவது சுற்றில் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்ப்பேன், எட்டாவது சுற்றில் காயப்போட்ட துணியை மடிப்பேன், பத்தாவது சுற்று கிடையாது.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில்தான் கடை. காலை ஒன்பதரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் முகூர்த்த மாசத்தில் ராத்திரி பதினொன்று ஆகும். 46 வயதில் சர்க்கரை வந்தது. மூணு மாசச் சராசரி 7.8. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடக்கணும் என்று டாக்டர் சொன்னார், அது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்காம். நான் ‘சரி சார்’ என்று சொல்லிவிட்டு வந்து ஆறு மாசம் ஒன்றும் செய்யவில்லை. என் தோழி நர்ஸ். பெயர் வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து பழக்கம். ஒருநாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ‘நாளைக்கு அஞ்சே காலுக்கு வாசல்ல நில்லுட்டி’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நின்றேன். அது 2022 ஆடி மாசம். ஸ்கூட்டரில் மலையடிவாரம் வரை போய், அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஏற வேண்டியது. அந்த மாசக் காற்று தெரியுமல்லவா? குற்றாலத்தில் சாரல் அடிக்கும், நமக்கு அதன் காற்று மட்டும்தான் வரும், துப்பட்டா முகத்தை மூடிக்கொண்டு நடக்கணும்.

நடக்கும்போது பேச முடியணும், ஆனால் பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம் என்பாள். சொல்லிவிட்டு அவளே ஏற்றத்தில் கீர்த்தனை பாடுவாள். இது என்ன வேகம் என்று கேட்டால் பேச மாட்டாள். நான் மாத்திரை சாப்பிடுகிறவள், வெறும் வயிற்றில் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று தினமும் ரெண்டு கோவில்பட்டி கடலை மிட்டாய் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவாள். தலை சுற்றினால் மட்டும் தின்னணும். சுற்றாவிட்டாலும் தின்றிருக்கிறேன்.

இப்போது சராசரி 6.6. நடையால் மட்டும் என்று சொல்லவில்லை, மாத்திரை இருக்கிறது, ராத்திரிச் சோற்றை விட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் பார்த்து யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

சரி, நீங்கள் கேட்டது தோழியோடு போவதைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன், கொஞ்சம் சுற்றித்தான் வரணும்.

போன தை மாசம் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். பிளவுஸ் நான்தான் தைத்தேன். இந்த இடத்தில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாயிரத்துக்குப் பட்டுச்சேலை எடுப்பார்கள், பேரம் பேச மாட்டார்கள். பிளவுஸ் கூலி என்று வந்ததும் ‘அடுத்த தெருவுல அம்பது ரூவா கம்மி’ என்பார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் துணியைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்பார்கள். அளவு பிளவுஸ் என்று ஒன்று கொடுப்பார்கள், மூணு பிள்ளை பெறுவதற்கு முந்தின அளவு அது. லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்டணும், இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே சுருங்கி இழுக்கும், அதற்கு ஒருநாள் வேண்டுமா வேண்டாமா? ஃபால்ஸ் அடித்து, ஓரம் பிக்கோ போட்டு, ஹூக் கட்டி, எல்லாம் முடித்துக் கையில் கொடுத்தால், கண்ணாடி முன்னால் நின்று ‘கை லேசா புடிக்கிற மாதிரி இருக்கே’ என்பார்கள். புடிக்கணும்னுதானே சொன்னீங்க? விடுங்கள், இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டு இருக்கும்போது, இவள் என்னைப் பார்த்து, ‘முதுகு முழுக்கத் தெரியுதே, இப்படியா வெட்டி வைப்ப? ஒன் பிள்ளையா இருந்தா வெட்டுவியா?’ என்றாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ரெண்டு பேர் என் வாடிக்கைக்காரர்கள். பின்கழுத்து பத்து இஞ்சு. நான் வெட்டினதுதான், இல்லை என்று சொல்லவில்லை. காரணம் இருந்தது, அதை அங்கே சொல்ல முடியாது. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் எழுந்திருக்கவே இல்லை, படுத்தபடி கிடந்தேன். அஞ்சே காலுக்கு வாசலில் ஹார்ன் சத்தம். எப்போதும் தெருமுனையிலிருந்தே ‘ஏட்டீ’ என்று கத்திக்கொண்டு வருகிறவள், அன்றைக்கு ஒரே ஒரு ஹார்ன். கோபம் அவளுக்குத்தான் போல, வண்டிக்கு இல்லை. போகாமல் இருந்தால் ‘குத்தம் செஞ்சவ, அதான் வரல’ என்று ஆகிவிடுமே என்று போனேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பத்தடி முன்னால், நான் பின்னால். திரும்பி வந்தோம். அடுத்த நாளும் ஹார்ன்.

இப்படி 19 நாள் நடந்தோம். எண்ணினேன். பேசாமல் நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைக்கிறீர்கள், கால் சத்தம் எல்லாம் கேட்கும், சரளையில் அவள் கால் ‘சரக் சரக்’ என்று, என் கால் அதற்குப் பின்னால். அவள் மூச்சு எந்த ஏற்றத்தில் வாங்கும் என்று எனக்கு அந்த 19 நாளில்தான் தெரியும், அதுவரை பேச்சில் கவனித்ததில்லை. எனக்குக் கால் தளர்ந்து நின்றால் அவள் சத்தமும் நின்றுவிடும். திரும்பிப் பார்க்க மாட்டாள், மேற்கே மலையைப் பார்க்கிற மாதிரி நிற்பாள். நான் நடக்க ஆரம்பித்தால் அவளும் நடப்பாள். கடலை மிட்டாய் மட்டும் தினமும் வந்தது. கையில் தர மாட்டாள். மேலே ஒரு தட்டைப்பாறை உண்டு, அதில் காகிதத்தோடு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள், காக்காய்க்கு வைப்பது போல. எனக்கும் வீம்புதான், அவள் போனபிறகு எடுத்துக்கொள்வேன்.

இருபதாவது நாள். அதற்கு முந்தின ராத்திரி ரெண்டு மணி வரை ஒரு கல்யாண ஆர்டர், அப்படியே முன்னறையில் சாய்ந்து தூங்கி, ஹார்ன் கேட்டதும் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டேன். மலையில் பாதி ஏறினபிறகுதான் பார்க்கிறேன், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்குகிறது. கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். இறங்கும்போது அவள் ஷூ பேஸ்டிங் விட்டுப்போய் முன்பக்கம் தவளை வாய் மாதிரி ‘ஆ’ என்று திறந்துகொண்டது. இறக்கம், சரளை வேறு. அது கல்லில் மாட்டி ஆள் முன்னால் சாய்ந்தாள். எப்படி அந்தப் பத்தடியைத் தாண்டினேன் என்று தெரியாது, முழங்கையைப் பிடித்துவிட்டேன். கல்லில் உட்காரவைத்து, காலைத் தூக்கி என் மடியில் வைத்து, டேப்பை ஷூவோடு சேர்த்து மூணு சுற்றுச் சுற்றினேன். டேப் லேசில் அறாது, ஆனால் வழுவழுப்பு, முடிச்சு நிற்காது. செயினில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி மாட்டினேன். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

‘எத்தன இஞ்சுட்டி வருது?’

‘ஒன் வாய் அளவுக்கு வருது.’

அவ்வளவுதான், ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பின்னால் வந்த பெரியவர் ஒருத்தர் பயந்து ஓரமாக ஒதுங்கிப் போனார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டது என்ன தெரியுமா? ‘இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குக் கழுத்த அவ்வளவு எறக்கி வெட்டியிருக்கியே, ஒனக்கே நல்லாருக்கா?’ விட்ட இடத்திலிருந்து. அடிவாரம் வரை சண்டை போட்டுக்கொண்டே இறங்கினோம், அவள் நொண்டிக்கொண்டே.

அதனால் உங்கள் தோழி எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் நின்றால் நிற்கிறவரா என்று மட்டும் ஒரு வாரம் பாருங்கள். செல்போனில் பாட்டு வைத்துக்கொண்டு முன்னால் போய்விடுகிறவர் என்றால் மொட்டைமாடியே மேல். மற்றபடி பாதுகாப்பு என்றால், ஆள் நடமாட்டம் இருக்கிற பாதையிலேயே போங்க, புதுப் பாதை கண்டுபிடிக்க வேண்டாம். நகையைப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். டிசம்பர் கடைசியில் ஆறரை ஆனாலும் சூரியன் தலைகாட்டாது, ஜூனில் ஆறு மணிக்கே வந்துவிடும், அதற்குத் தகுந்த மாதிரி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். டார்ச் கட்டாயம், கட்டுவிரியன் இருட்டில் நடமாடுகிற சாதி. செருப்பில் போகாதீர்கள், ஷூ வாங்கும்போது ஒட்டினதா தைத்ததா என்று பாருங்கள், தையல்காரி சொல்கிறேன். நாங்கள் இத்தனை நாளில் சேர்ந்தாற்போல் நிறுத்தினது 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஒரு வாரம்தான், ஆஸ்பத்திரியிலிருந்து அவளால் வீட்டுக்கே வரமுடியவில்லை.

கடைசியாக ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். என் அளவு நோட்டில் அந்தப் பிளவுஸுக்குப் பின்கழுத்து 8 என்று எழுதி, அதை அடித்துப் பக்கத்தில் 10 என்று போட்டிருக்கிறது. அடித்தது நான். அடிக்கச் சொல்லி, ‘ஆண்ட்டி, அம்மாகிட்ட சொல்லிராதீங்க’ என்று கையைப் பிடித்துக்கொண்டது யார் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவள் இந்தத் தளத்துக்கெல்லாம் வரமாட்டாள். மகள் வருவாள். ஏ பிள்ளே, கல்யாணப் பிளவுஸுக்கு அளவு கொடுக்க வரும்போது உங்க அம்மையையும் கூட்டிக்கிட்டு வா.