இருட்டுலயும் டைம் தப்பாத எலி

கேள்வி: சார், எலியை முழு இருட்டுல வெச்சாலும் தினமும் நேரத்துக்கு எழுந்து ஓடுமாமே, எல்லாம் ஜீன் வேலைன்னு என் பொண்ணு சொல்றா. அப்போ ஜீனை மாத்தினா டைமும் மாறிடுமா?

பதில்: மாறும், ஆனா நீங்க நினைக்கிற மாதிரி நேரா மாறாது. மூளையோட அடிப்பக்கத்துல சுமார் 20,000 நியூரான் இருக்குற ஒரு குட்டி இடம்தான் எலிக்கு மெயின் கடிகாரம். அந்த செல்லுக்குள்ள கிளாக், பிமால்1னு ரெண்டு புரோட்டீன் ஜோடி சேர்ந்து பெர், கிரைங்கற ஜீன்களை ஆன் பண்ணும், அதுல உருவாகுற புரோட்டீன் மெதுவா சேர்ந்து நியூக்ளியஸுக்குள்ள (செல்லுல ஜீன் இருக்குற அறை) திரும்பி வந்து அந்த ஜோடியையே அமுக்கிடும், அப்புறம் அது சிதைஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பம். ஒரு சுத்து முடிய ஏறக்குறைய ஒரு நாள். லேப்ல வளர்க்குற கறுப்பு எலிக்கு 24 மணிநேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, அதனால இருட்டுல அது தினமும் சில நிமிஷம் முன்னாடியே கூண்டுல இருக்குற ஓட்டச் சக்கரத்துல ஏறிடும்.

1994ல அமெரிக்காவுல ஜோசப் டகஹாஷி குழு, கெமிக்கலால ஜீன்ல மாற்றம் (மியூட்டேஷன்) உண்டாக்கின எலிகளோட குட்டிங்க 300க்கு மேல சோதிச்சதுல ஒண்ணே ஒண்ணு சிக்குச்சு, அதுக்கு ஒரு நாள் 24.8 மணிநேரம்! அதே கோளாறு அப்பா அம்மா ரெண்டு பக்கமும் வந்த குட்டிக்கு 27, 28 மணிநேரம், ரெண்டு வாரம் போனா தூக்கம் ஓட்டம் எல்லாம் கன்னாபின்னாதான். 1997ல அந்த ஜீனையே பிடிச்சுட்டாங்க, அதுதான் மேல சொன்ன கிளாக் புரோட்டீனை உருவாக்குற கிளாக் ஜீன்.

இனிமேதான் எனக்குப் பிடிச்ச இடம். 2006ல மாசசூசெட்ஸ்ல கிளாக் ஜீனை அடியோட எடுத்துட்டுப் பார்த்தா, எலி கிட்டத்தட்ட ஒழுங்காவே ஓடுச்சு! என்பாஸ்2ன்னு இன்னொரு புரோட்டீன் அந்த வேலையைப் பார்த்துக்கிச்சு. பழுதான கிளாக் அப்படி இல்ல, பிமால்1 கூட ஜோடி சேர்ந்து டிஎன்ஏல போய் உக்காந்துக்கும், ஆன் பண்ற வேலையை மட்டும் சரியா செய்யாது. லீவு போட்ட ஆளுக்கு மாத்து ஆள் போடலாம், சீட்ல உக்காந்துக்கிட்டு சும்மா இருக்கறவரை என்ன பண்றது? ஆனா பிமால்1ஐ எடுத்தா, இருட்டுல போட்ட உடனே ரிதம் காலி. கிரைல ரெண்டு வகை, கிரை1 இல்லாத எலிக்கு கடிகாரம் வேகமா ஓடும், கிரை2 இல்லாததுக்கு லேட்டா ஓடும், ரெண்டும் இல்லன்னா ரிதமே இல்ல.

பொண்ணுகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, 12 மணிநேரம் லைட் 12 மணிநேரம் இருட்டுன்னு வெச்சா, பழுதான கிளாக் இருக்குற எலியும் பெரும்பாலும் ராத்திரிலதான் ஓடும், லைட்டே தினமும் டைமை இழுத்து செட் பண்ணிடும், அதனாலதான் இந்த சோதனையெல்லாம் இருட்டுல நடக்குது.